வடிச்சல் கதவைத் திறந்தவர்

ஜனவரி பதினேழாம் திகதி, சனிக்கிழமை, காலை ஆறு மணி ஐம்பத்திரண்டு நிமிடம். நத்தைகுத்தி நாரை, நான்கு. அந்த நான்கைப் படிவத்தில் எழுதிக்கொண்டிருந்தபோது களப்புக்கு அப்பால் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. அந்த நேரத்தில் அது பேசினால் எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். ஜனாஸா அறிவித்தல், ஊரில் ஒரு மரணம். காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் பெயரில் பாதிதான் வந்து சேர்ந்தது. "லெவ்வை, முன்னாள் வட்டவிதானை" என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. எங்கள் ஊரில் முன்னாள் வட்டவிதானைகள் மூன்று பேர். அதில் லெவ்வை ஒருவர்தான்.

இசுமாலெவ்வை விதானையார் என்னோடு பறவை எண்ண வருவதற்காக, சுபஹுத் தொழுகை முடிந்து வந்து வாசலில் சப்பாத்துப் போடக் குனிந்திருக்கிறார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். ஆறு மணிக்கு வருவதாகச் சொன்ன ஆளைக் காணவில்லை என்ற எரிச்சலில் நான் இரண்டு முறை போன் எடுத்தேன். மூன்றாம் முறை எடுக்காமல் தனியாக எண்ணத் தொடங்கினேன். போன் அடித்தது வீட்டில் கேட்டதாகவும், எடுக்க ஒருவருக்கும் கை ஓயவில்லை என்றும் அவருடைய மகள் பிறகு சொன்னார்.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நல்லவர், வல்லவர், ஈடு செய்ய முடியாத இழப்பு என்றெல்லாம் எழுத எனக்கு வராது. அந்த மனுசன் இரண்டு வருடமாக என்னிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டார். களப்பில் நாரைகள் செத்ததைப் பற்றி நான் எழுதி அனுப்பிய அறிக்கையில் ஒரு பொய் வரி இருந்தது. அதை மாற்று என்றார். நான் மாற்றவில்லை. இப்போது அவர் இல்லை. வரி அப்படியே இருக்கிறது.

வெளியூர் ஆட்களுக்காக ஒரு விளக்கம். வட்டை என்றால் ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாயும் வயல்களின் தொகுதி. அந்தத் தண்ணீருக்குப் பொறுப்பாக விவசாயிகள் தாங்களே தெரிவு செய்யும் ஆள்தான் வட்டவிதானை. எங்கள் வட்டை கல்முனைக்குத் தெற்கே, கரையோர றோட்டுக்கு மேற்கில் கிடக்கிறது. அதன் பள்ளமான ஓரத்தில் மையவாடி, எங்கள் ஊர் அடக்கஸ்தலம். அதற்கும் அப்பால் களப்பு, கடலோரத்து ஆழமில்லாத உப்பேரி. வயல் தண்ணீர் களப்புக்கு இறங்குவதற்கு ஒரே ஒரு வழிதான், வடிச்சல் கதவு. அதன் சாவி விதானையாரின் இடுப்பில் இருக்கும்.

ஐந்து வருடங்களுக்கு முன்னர் அவரை முதலில் சந்தித்தது சண்டையில்தான். நான் நில அளவையும் நீர்ப் பரிசோதனையும் படித்தவன். ட்ரோன் வைத்திருந்தேன். ஒவ்வொரு ஜனவரியும் நடக்கும் நீர்ப்பறவை எண்ணிக்கைக்காக அதைக் களப்புக்கு மேலே ஏற்றினேன். கரையில் நின்ற கூழைக்கடாக் கூட்டம் முழுவதும் எழும்பிப் போய்விட்டது. வரம்பில் நின்றுகொண்டு ஒருவர் கத்தினார்.

"தம்பி, நீ எண்ண வந்தியா, கலைக்க வந்தியா?"

"கொழும்புக்கு ரிப்போட் அனுப்பணும். உங்களுக்கு இது விளங்காது."

"ஓம், எனக்கு விளங்காதுதான். எனக்கு விளங்கினது, உன்ட வண்டு வரமுதல்ல இஞ்ச நூத்திப் பன்னிரண்டு நிண்டது. இப்ப உன்ட ரிப்போட்டுல ஒண்டுமில்ல எண்டு எழுது."

நான் அன்று எழுதிய எண் நூற்றுப் பன்னிரண்டு. அடுத்த ஜனவரி அவரும் வந்தார். நான் தொலைநோக்கியில் பார்த்துச் சொல்வேன், அவர் வெறுங்கண்ணால் பார்த்து மறுப்பார். இரண்டு பேருக்கும் ஒத்துவராவிட்டால் மீண்டும் முதலிலிருந்து எண்ண வேண்டும். இதனாலேயே காலைச் சாப்பாடு பகலாகிவிடும். நான் பொறுமையில்லாத ஆள். "சராசரியைப் போடுவம் விதானையார்" என்பேன். "சராசரி பறக்குமா? அதுக்குச் செட்டை இருக்கா?" என்பார்.

இனி அந்த டிசம்பர். இரண்டு வருடங்களுக்கு முந்தியது. விதைப்பு முடிந்து வெள்ளாமை முழங்கால் உயரத்தில் நின்றது. நண்டுகள் வரம்பைத் துளைத்துக்கொண்டிருந்தன. அவற்றைக் கொல்ல வரம்போரம் எறியும் குறுணை மருந்தை எங்கள் ஆட்கள் நண்டு மருந்து என்பார்கள். அதை எறிந்தால் ஏழு நாட்களுக்கு வடிச்சல் கதவைத் திறக்கக்கூடாது என்று வட்டைக் கூட்டத்தில் எழுந்து சொன்னவன் நான்தான். தண்ணீரோடு மருந்தும் களப்புக்கு இறங்கும், செத்த நண்டையும் நத்தையையும் தின்னும் நாரையும் சாகும் என்று படம் கீறிக் காட்டினேன். விதானையார் அதைச் சட்டமாக்கினார். செவ்வாய்க்கிழமை மருந்து எறிந்தார்கள். கதவு பூட்டப்பட்டது. வெள்ளிக்கிழமை காலை என் வாப்பா மௌத்தானார்.

நான்கு நாட்களாக மழை. வட்டை நிரம்பி மையவாடியின் மணல் முழுவதும் ஊறிக் கிடந்தது. ஜனாஸாவைத் தாமதிக்கக்கூடாது, ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு அடக்குவது என்று முடிவானது. பத்து மணிக்கு மச்சான் மையவாடியிலிருந்து போன் எடுத்தான். "இரண்டடி வெட்டினா குழிக்குள்ள தண்ணி ஊறுது மச்சான். மூணு இடத்துல பாத்தாச்சி. எங்கயும் வெட்ட ஒண்ணாம கிடக்கு."

நான் மோட்டார் சைக்கிளில் விதானையாரிடம் போனேன். அவர் எங்கள் வீட்டுக்கு வருவதற்காக வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார்.

"கதவத் திறங்க."

"தம்பி, செவ்வாய்க்கிழமதான் மருந்து எறிஞ்சிருக்கு. நீதானே ஏழு நாள் எண்டாய்?"

"எங்கட வாப்பாவத் தண்ணிக்குள்ளயா போடச் சொல்றீங்க?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் அப்போது அழவில்லை. கத்திக்கொண்டிருந்தேன். "ஒரு மூணு மணித்தியாலம் திறங்க. மறுகா பூட்டுங்க. ஒண்டும் நடக்காது. நான்தானே சொல்றன்" என்றேன். நான் படித்தவன் என்பதால் அந்தக் கடைசி வார்த்தைக்கு எடை இருந்தது. எடை இருக்கிறது என்று தெரிந்துதான் சொன்னேன். அவர் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தார்.

பகல் ஒரு மணிக்குத் தண்ணீர் இறங்கியது. வாப்பாவை ஈரமான, ஆனால் தண்ணீர் இல்லாத மணலில் வைத்தோம்.

திங்கட்கிழமை களப்பு ஓரத்தில் நாரைகள் கிடந்தன. சில இன்னும் செட்டையை அடித்துக்கொண்டிருந்தன. விதானையார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து கரையில் வரிசையாக வைத்தார். உயிருள்ளவற்றை எப்படி எண்ணுவாரோ அப்படியே இரண்டு முறை எண்ணினார். அறுபத்தொன்று. "எழுது" என்றார். எழுதினேன். பிறகு இரண்டு பேரும் குழி வெட்டினோம்.

அந்தப் படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. நான் எழுதியது இது: "மேற்குப் புறத்து வயல்களிலிருந்து வடிந்த விவசாய இரசாயனம்." மேற்குப் புறம் என்றால் சிங்கள விவசாயிகளின் வயல்கள். அவர்களுடைய வாய்க்கால் எங்கள் களப்புக்கு வருவதே இல்லை. வடக்கே திரும்பி வேறொரு ஆற்றில் விழுகிறது. அது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த வாய்க்காலை அளந்தவன் நான்.

ஏன் எழுதினேன்? பயத்தில். இந்த நாட்டில் ஒரு பிழைக்கு ஊர்ப்பெயர் ஒட்டினால் என்ன நடக்கும் என்று இந்தக் கரையில் பிறந்தவனுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. அறுபத்தொரு பறவையைக் கொன்றது ஒரு வட்டை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஒரு சமூகம் என்பார்கள். இதை நியாயமான பயம் என்றே இன்னும் நினைக்கிறேன். ஆனால் அது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி என் வாப்பாவின் கப்ரு. கதவு ஏன் திறந்தது என்று எழுதினால் அந்தக் குழியையும் எழுத வேண்டும்.

வரி வெளியே போனது. முகநூலில் எங்கள் ஆட்கள் அதைப் பகிர்ந்து "பார்த்தீர்களா, யார் செய்தது" என்றார்கள். அந்தப் பக்கத்து ஆட்கள் பறவையைத் தின்பவர்கள் நாங்கள்தான் என்று எழுதினார்கள். இரண்டு பக்கமும் ஒரே புகைப்படம். அதை எடுத்தவனும் நான். செத்த நாரைகளைப் பற்றி அந்தப் பக்கங்களில் ஒரு வார்த்தையும் இல்லை.

ஒரு மாதம் கழித்து, சுனில் என்ற விவசாயி மேற்கிலிருந்து மரக்கறி ஏற்றிய சின்ன லொறியோடு வந்தபோது எங்கள் சந்தியில் பொடியன்கள் மறித்து ஏசினார்கள். "எங்கட களப்புக்கு நஞ்சு போட்டுட்டு எங்களுக்கே கத்தரிக்கா விக்க வந்தியா?" விதானையார்தான் உள்ளே புகுந்து அவரை இழுத்துக்கொண்டு தேநீர்க் கடைக்குள் போனார். எனக்குப் போன் எடுத்து வரச் சொன்னார். சுனில் என்னை மல்லி, சிங்களத்தில் தம்பி, என்று கூப்பிட்டு உடைந்த தமிழில் கேட்டார்.

"மல்லி, நம்ம தண்ணி இந்தக் களப்புக்கு வாறதே இல்லதானே. நீங்க அளந்த ஆள். உங்களுக்குத் தெரியாதா?"

நான் தேநீரைக் குடித்தேன். விதானையார் என்னைப் பார்க்காமல் அவரிடம் சொன்னார். "தெரியும். அவருக்குத் தெரியும். கொஞ்சம் நேரம் குடுங்க."

அந்த நேரத்தைத்தான் இரண்டு வருடங்களாக நான் எடுத்துக்கொண்டேன்.

அந்த அறிக்கையை வைத்துக் கொழும்பில் ஒரு கூட்டம் நடந்தது. விதானையாரையும் என்னையும் அழைத்தார்கள். குளிரூட்டிய மண்டபம். பறவைகள் ஏன் குறைகின்றன என்று ஒவ்வொருவராகப் பேசினார்கள். அதிகாரி ஒருவர் விவசாயிகள் அளவு தெரியாமல் மருந்து அடிக்கிறார்கள் என்றார். விவசாயிகள் சார்பில் வந்தவர் மருந்தை இறக்குமதி செய்பவர்களைச் சொன்னார். இறக்குமதிக்காரர் அனுமதி கொடுத்த அரசைச் சொன்னார். இன்னொருவர் எழுந்து, இந்தப் பறவைகளில் பாதி வேறு நாடுகளில் முட்டையிடுபவை, அந்த நாடுகள்தான் பொறுப்பு என்றார். நான் விதானையாருக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் என் காதுக்குள் சொன்னார், "ஆளாளுக்கு அடுத்தவனக் காட்டுறானுகள். கடைசியா இரிக்கிற ஆளுக்குக் காட்ட ஆளில்ல. பாவம், அவர் கடலத்தான் காட்டணும்." நான் சிரித்துவிட்டேன். மேடையிலிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

பிறகு அவரைப் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்று சொன்னார்: "எங்கட வட்டையில மருந்து எறிஞ்சிருந்தம். கதவு பூட்டியிருந்திச்சி. நான் திறந்தன். அதாலதான் செத்திச்சி." நான் சிங்களத்தில் மொழிபெயர்த்தேன்: "கீழ்ப்புற வட்டைகளிலும் நீர் முகாமைத்துவத்தில் சில குறைபாடுகள் இருந்திருக்கலாம் என்கிறார்." கைதட்டினார்கள். சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது அவர் சொன்னார்.

"பாதியத்தான் சொன்னாய்."

"உங்களுக்குச் சிங்களம் தெரியுமா?"

"முப்பது வருசமா அவங்களோட நெல்லு ஏத்தி இறக்கினவன்டா நான். குறைபாடு எண்டு நான் சொல்லல்ல. நான் திறந்தன் எண்டுதான் சொன்னன்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் வாதாடினேன். நாட்டிடம் உண்மையைக் கொடுத்தால் நாடு அதை எங்கள் மீதே எறியும் என்றேன். அவர் சொன்னார். "நாடு பிழை செய்யுதுதான். பெரிய பிழை. அதுக்கு அது பதில் சொல்லட்டும். எங்கட பிழைய அதுக்குப் பின்னால ஒளிச்சா, அடுத்த மாரிக்கும் கதவத் திறப்பம். மறுகா எண்ண ஒண்டும் இரிக்காது."

அடுத்த மாரிக்கு முந்திய வட்டைக் கூட்டத்தில், யாரும் கேட்காமல், அவரே எழுந்தார். இருநூறு பேர் இருந்தார்கள். நான் மூன்றாவது வரிசை. "போன வருசம் நாரை செத்ததுக்கு மேற்குப் பக்கத்து ஆக்கள் காரணமில்ல. ஏழு நாள் முடியமுதல்ல கதவத் திறந்தவன் நான். பொறுப்பு என்ட" என்றார். பின்னாலிருந்து ஒருவர் "நாரைக்கு வக்கீல் வந்திருக்காரு" என்றார். சிரிப்பு. இன்னொருவர் "ஊரக் காட்டிக் குடுக்கிறயா?" என்று கத்தினார். ஏன் திறந்தீர்கள், யார் கேட்டார்கள் என்று யாராவது கேட்பார்கள் என்று நான் கதிரையின் விளிம்பில் இருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அன்றே வேறு ஒருவரை வட்டவிதானையாகத் தெரிவு செய்தார்கள். கை தூக்கச் சொன்னபோது நான் யாருக்கும் தூக்கவில்லை. அதை அப்போது நேர்மை என்று நினைத்தேன்.

வெளியே வந்து, ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். அவர் செருப்பைத் தேடிக்கொண்டே பதில் சொன்னார்.

"வாப்பா மௌத்தான ஊட்டுக்காரன் எதையும் கேட்பான். கேட்கத்தான் செய்வான். அதக் கேட்டுட்டு, திறக்கிறதா இல்லையா எண்டு பாக்கத்தானே ஊர் என்ட கையில சாவியத் தந்திச்சி. நான் பாக்கல்ல. உன்ட பேரச் சொல்றது உன்ட வேலை. என்ட வேலை இல்ல."

அதன் பிறகு அவர் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தார். களப்பில் நாரைகள் திரும்பவில்லை. ஒன்றிரண்டு வரும், போகும். சந்திக்கும்போதெல்லாம் அவர் வரியைப் பற்றிக் கேட்பார். வற்புறுத்திக் கேட்கமாட்டார். விலை கேட்பது போலக் கேட்பார். "அனுப்பிட்டியா?" "இல்ல." "சரி." கடைசியாகக் கேட்டது, அவர் மௌத்தாவதற்கு முந்திய நாள் மாலை, போனில். "நாளைக்கு எண்ணப் போற படிவத்துலயும் அந்தக் கட்டம் இரிக்கிதானே?" என்றார். "இரிக்கி" என்றேன். "அதுல என்ன எழுதப்போறாய்?" நாளைக்குப் பார்ப்போம் என்று போனை வைத்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை பகல், லுஹர் தொழுகைக்குப் பிறகு அவரை அடக்கினோம். நான் மண் போட்டேன். பக்கத்தில் நின்ற ஒருவர், கூட்டத்தில் நாரை வக்கீல் என்று சொன்ன அதே ஆள், "நல்ல மனுசன்" என்றார். நான் இன்னொரு பிடி மண்ணை அள்ளினேன். பதில் சொல்லியிருந்தால் மையவாடியில் சண்டையாகியிருக்கும்.

பறவைகள் குறைந்ததற்கு இந்த நாடு பொறுப்பு. அனுமதி கொடுத்தவர்கள் பொறுப்பு, விற்றவர்கள் பொறுப்பு, பார்த்தும் பாராமல் இருந்த அலுவலகங்கள் பொறுப்பு. இதில் ஒன்றையும் நான் திரும்பப் பெறவில்லை. ஆனால் எங்கள் களப்பின் அறுபத்தொரு நாரைகளைக் கொல்ல நாடு வரவில்லை. ஒரு கதவு திறந்தது. திறந்தவர் அதைச் சொன்னார். திறக்கச் சொன்னவன் இரண்டு வருடம் பேசாமல் இருந்தான். விதானையாரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது 'நான் திறந்தன்' என்ற அந்தச் சின்னப் பேச்சைத்தான். அதற்குப் பின்னால் 'ஆனால்' என்று ஒன்றும் வராது. எனக்கு இன்னும் வருகிறது. மேலே பல இடங்களில் வந்திருக்கிறது, பார்த்திருப்பீர்கள்.

இனிச் செய்யப்போவது:

1. திங்கட்கிழமை கொழும்புக்குத் திருத்தம் அனுப்புவேன். காரணம் என்ற கட்டத்தில் இருக்கப்போவது: எங்கள் வட்டையில் எறிந்த நண்டு மருந்து, ஏழு நாள் முடியுமுன் திறந்த எங்கள் வடிச்சல் கதவு, திறக்கச் சொன்னவன் நான். வாய்க்கால் அளவைப் படத்தையும் இணைப்பேன்.

2. சுனிலின் வீட்டுக்குப் போவேன். சாட்சிக்கு யாரையும் கூட்டிப் போகமாட்டேன். சிங்களத்தில் சொல்வேன், முழுவதையும்.

3. அடுத்த வட்டைக் கூட்டத்தில் எழுந்து என் பெயரைச் சொல்வேன். மையவாடியை மூன்றடி மண் போட்டு உயர்த்துவதற்கு மட்டம் எடுத்து வரைபடம் கீறி வைத்திருக்கிறேன். அதையும் கொடுப்பேன். இனி எவருடைய பிள்ளையும் அந்தக் கதவைத் திறக்கச் சொல்லிக் கத்த வேண்டி வரக்கூடாது.

4. ஊரைக் காட்டிக் கொடுத்தான் என்று சொல்பவர்களுக்கு என் வீடு தெரியும். வரலாம்.

5. இவை எல்லாவற்றுக்கும் முன்னர், இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு, உம்மாவிடம் சொல்வேன். வாப்பாவைத் தண்ணீர் இல்லாத மண்ணில் வைக்கக் கிடைத்தது அல்லாஹ்வின் கருணை என்று இரண்டு வருடமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் சொல்லிக்கொண்டிருக்கிறார்.